தோட்டாவை எங்கே வெச்சுக்கறது?

டெக்சாஸ்ல இருக்கற அக்கா மகன் ஒரு பார்சல் அனுப்பியிருந்தான். சாக்லேட்டா இருக்கும், மூட்டுவலி மாத்திரையா இருக்கும்னு வீடே சுத்தி உட்கார்ந்து பிரிச்சோம்.

உள்ளே கறுப்பு பிளாஸ்டிக்ல என்னமோ ஒரு சாமான். பின்னாடி பெல்ட்ல மாட்டறதுக்குக் கொக்கி. முன்னாடி பக்கத்துப் பக்கத்துல ரெண்டு தடம். தடத்துக்குள்ள கவ்விப் பிடிக்க ஸ்பிரிங் தகடு.

"இதுல சோப்பு வைக்கலாமாடா?"ன்னு கேட்டாங்க அம்மா.

(வைக்கலாம். ரெண்டு சோப்பு தாராளமா நிக்கும்.)

ராத்திரி போன் வந்துச்சு.

"மாமா, குவாட் லோட் கேரியர் வந்துடுச்சா? இனிமே நாலு தோட்டாவை ஒரே அள்ளுல ஏத்திடலாம்!"

"மாப்ள, என் துப்பாக்கிக்கு வாயே ரெண்டுதான்டா."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

அவன் மேல எனக்குக் கோபம் கிடையாது. ஆசையா அனுப்பினான், நல்லா இருக்கட்டும். என் எரிச்சல் வேற. அந்தப் பார்சல் பத்திக் கூகுள்ல என்னமோ தேடினேன் பாருங்க, அன்னிலேர்ந்து போனைத் திறந்தா இதே விளம்பரம்தான். கறுப்புச் சட்டை, கறுப்புக் கண்ணாடி, இடுப்பைச் சுத்தி தோட்டா. "இதை மாட்டுங்க, வேகமா ஆயிடுவீங்க." ரேஞ்சுக்குப் புதுசா வர்ற பசங்களும் வந்ததும் வராததுமா கேட்கறது இதைத்தான்: "அண்ணே, ரீலோடு ஃபாஸ்டா பண்ண எந்தப் பை வாங்கலாம்?"

தம்பி, நாம ஆடற ஆட்டத்துல வேகமா ரீலோடு பண்ணி எங்கே போகப்போறோம்?

இதைத்தான் கொஞ்சம் விலாவாரியா எழுதலாம்னு உட்கார்ந்தேன்.

புதுசா வந்தவங்களுக்கு: நான் திருவையாறு. லீவு கிடைச்சா வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரின்னு அஞ்சு பாலத்தையும் தலைகீழ் வரிசையில தாண்டி, தஞ்சாவூர் வழியா புதுக்கோட்டைப் பக்கம் போய் டிராப் சுடறவன். பஞ்சரத்ன கீர்த்தனை பாடற ஊர்ல பொறந்துட்டு இவன் ஒருத்தன் டமால் டமால்னு சத்தம் போட்டுக்கிட்டுத் திரியறானேன்னு எங்க தெருவுல ஒரு வருத்தம் உண்டு. இருக்கட்டும்.

டிராப் எப்படின்னா, முன்னாடி தரைக்குக் கீழே ஒரு பள்ளம். அதுக்குள்ள 15 எந்திரம். 15 மீட்டர் பின்னாடி நாம நிக்கறதுக்கு அஞ்சு இடம், ஒவ்வொண்ணுக்கும் முன்னாடி மூணு எந்திரம். குரல் கொடுத்தா அந்த மூணுல எதுலேர்ந்தாவது ஒரு தட்டு பறக்கும். எதுலேர்ந்து, எந்தப் பக்கம்னு தெரியாது. தட்டு 11 சென்டிமீட்டர் அகலம், 105 கிராம் எடை. நாங்க இதை "பேர்டு"ன்னுதான் சொல்வோம். முதல் வெடி தப்பிச்சா ரெண்டாவது வெடிக்கு அனுமதி உண்டு. ஒரு ரவுண்டுக்கு 25 பேர்டு. பெரிய போட்டின்னா அஞ்சு ரவுண்டு, மொத்தம் 125.

இப்போ கணக்கைப் பாருங்க. ஒரு குழுவுல ஆறு பேர். நான் சுட்டேன்னா அடுத்தவர், அதுக்கடுத்தவர்னு வரிசையா போய்த்தான் திரும்ப என் முறை வரும். முன்னாடி ஆள் சுட்டு முடிச்சதும் அடுத்த ஆள் 12 செகண்டுக்குள்ள துப்பாக்கியை மூடி, தோள்ல வெச்சு, குரல் கொடுத்துடணும். அது விதி. ஆனா அந்தப் பன்னண்டு செகண்டு வர்றதுக்கு முன்னாடி எனக்கு எவ்வளவு நேரம்! துப்பாக்கியை முறிச்சு, காலி ஓட்டை எடுத்து, தொட்டியில போட்டு, மெதுவா அடுத்த இடத்துக்கு நடந்து, வியர்வை துடைச்சு, போன பேர்டு ஏன் போச்சுன்னு ஒரு பாட்டம் அழுதுட்டு, அப்புறம் ரெண்டு தோட்டா போட்டா போதும்.

இதுக்கு ஸ்பிரிங் தகடு வெச்ச கேரியரா?

சரி, மாப்ள பக்க நியாயத்தையும் சொல்லிடறேன். அவன் ஆடற ஆட்டமே வேற. திரீ கன். ரைபிள், பிஸ்டல், ஷாட்கன் மூணையும் மாத்தி மாத்தி, ஓடிக்கிட்டே சுடணும். கடிகாரம் நிக்காது. குழலுக்கு அடியில இருக்கற டியூப்ல ஒவ்வொண்ணா தோட்டாவைத் தள்ளணும். அது தீர்ந்துட்டா ஓட்டத்துக்கு நடுவுலேயே ரொப்பிக்கணும். இருபது இலக்குக்கு மேல வர்ற சுற்றெல்லாம் உண்டாம். அங்கே சுடறதை விட ரொப்பறதுலதான் நேரம் போகும். ஷாட்கனுக்குன்னே தனியா உலகப் போட்டி இருக்கு. முதல்ல 2012-ல ஹங்கேரியில டெப்ரெசென்ல நடத்தினாங்க, 2023-ல தாய்லாந்து பட்டாயா வரைக்கும் வந்துடுச்சு. கைதேர்ந்தவங்க நாலு தோட்டாவை ரெண்டு மூணு செகண்டுல உள்ளே தள்ளிடுவாங்க. துப்பாக்கியை வயித்தைக் காட்டித் திருப்பி, ஒரு கை பெல்ட்டுக்குப் போய், நாலையும் ஒரே பிடியில எடுத்து, ரெண்டைத் தள்ளி, பின்னாடியே மிச்ச ரெண்டைத் தள்ளி... பார்த்துக்கிட்டே இருக்கலாம்.

அவன் கேரியர் தேர்ந்தெடுத்த கதையும் சுவாரஸ்யம்தான். போன்ல அரை மணி நேரம் அதையே பேசினான்.

"முதல்ல கை அளவு பார்க்கணும் மாமா. என் கை சின்னது. நாலையும் வளைச்சுப் பிடிச்சா கடைசி ஒண்ணு நழுவி விழுந்துடும். அதனால ஒரு வருஷம் ரெண்டு ரெண்டாத்தான் போட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் பெல்ட். சாதா பெல்ட்ல மாட்டினா கேரியர் ஆடும். உள்ளே ஒண்ணு வெளியே ஒண்ணுன்னு ஒட்டிக்கற ரெட்டை பெல்ட் வேணும். இன்னிக்கு இடுப்புல கை போன இடத்துலதான் நாளைக்கும் தோட்டா இருக்கணும்."

"தொப்பை?"

"அதைக் கேட்காதீங்க மாமா."

(கேட்டேன். கேரியரை வெளிப்பக்கமா கொஞ்சம் சாய்ச்சு மாட்ட ஒரு துண்டு வெச்சிருக்கானாம். சாப்பாட்டுக்குப் பின்னாடி நடக்கற போட்டிக்கு இன்னும் கொஞ்சம் சாய்க்கணுமாம்.)

அவன் சொன்னதுல உருப்படியானதெல்லாம்: தோட்டா ஓடினா விழக்கூடாது, இழுத்தா மல்லுக்கட்டக் கூடாது. இந்த ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு எதிரி. ஸ்பிரிங் இறுக்கமா இருந்தா விழாது, ஆனா அவசரத்துல விரல் வழுக்கும். தளர்வா இருந்தா சுகமா வரும், குப்புறப் படுத்துச் சுடற இடத்துல பாதி மண்ணுல கிடக்கும். சில பேர் காந்தம் வெச்ச கேரியர் வாங்கறாங்க. அடிப்பாகம் இரும்புல செஞ்சு பித்தளை முலாம் பூசின தோட்டாதான் அதுல ஒட்டும், அசல் பித்தளைன்னா ஒட்டாது. கடையில வாங்கறதுக்கு முன்னாடி நம்ம தோட்டாவைக் காந்தத்துல வெச்சுப் பார்த்துடணும். அதை விட்டுட்டு விமர்சன வீடியோவுல நட்சத்திரத்தை எண்ணிக்கிட்டு இருந்தா ஆகாது. அப்புறம், ரெண்டு தடத்துக்கும் நடுவுல விரல் போற இடைவெளி. ஒத்தைத் தோட்டா, அதாவது ரவை இல்லாம ஒரே குண்டு இருக்கற ஸ்லக், இதெல்லாம் தனி இடத்துல, தனிப் பக்கத்துல. ரவை சுட வேண்டிய இலக்குல அது போயிடக் கூடாது. பழக்கம் பண்றதெல்லாம் மருந்தில்லாத டம்மியில, அதுவும் நிஜத் தோட்டா ஒண்ணுகூட இல்லாத ரூம்ல.

அவன் அனுப்பின வீடியோவை வேகம் குறைச்சு ஓட்டிப் பார்த்தேன். கண் எங்கே இருக்குன்னு மட்டும் கவனிச்சேன். கேரியர் பக்கமே போகலை. அடுத்த இலக்கு எங்கேன்னு தேடிக்கிட்டு இருந்துச்சு.

இதை நான் எங்கேயோ பார்த்திருக்கேனேன்னு யோசிச்சா, எங்க வயல்ல. குறுவை நடவு. இடது கையில நாத்து முடி, வைக்கோல் பிரியை உருவி எறிஞ்சாச்சு. அந்தக் கையோட பெருவிரல் சும்மா இருக்காது, மூணு நாலு நாத்தா பிரிச்சுப் பிரிச்சு முன்னாடி நீட்டிக்கிட்டே இருக்கும். வலது கை வாங்கும், சேத்துல ஊணும், திரும்ப வாங்க வரும்போது அடுத்தது தயாரா நீட்டிக்கிட்டு இருக்கும். எங்க வயலுக்கு வர்ற அத்தை ஒருத்தங்க, மருமக பத்தின புகாரை எல்லாம் முழுசா சொல்லிக்கிட்டே நடுவாங்க. ஒரு தடவைகூட நாத்து முடியைப் பார்த்து நான் கண்டதில்லை. எண்ணிக்கையும் தப்பாது. பார்வை முழுக்க வரிசையில. (இப்போ பாதி வயலுக்கு மிஷின் நடவு வந்துடுச்சு. மிஷினுக்கு மருமக கிடையாது.)

மாப்ளகிட்ட சொன்னேன், "உன் குவாட் லோடு எங்க ஊர்ல ரொம்ப நாளா நடக்குதுடா"ன்னு. சிரிச்சான். ஆனா நான் விளையாட்டுக்குச் சொல்லலை. கேரியர்னு ஒண்ணு வாங்கினா அது செய்ய வேண்டிய வேலை அவ்வளவுதான். கண்ணைக் கூப்பிடாம கைக்குத் தோட்டாவைக் கொடுக்கணும். அதை டெக்சாஸ்ல ஒரு பிளாஸ்டிக் சாமான் செய்யுது. டிராப்புக்கு அதைச் செய்யறது வேற.

வேகமா ரொப்பற பைத்தியம் ஒண்ணும் புதுசும் இல்லை. வெள்ளைக்காரன் காலத்துல நம்ம டெல்டா வயல்கள்ல உள்ளான் வேட்டை உண்டு. தண்ணி நிக்கற வயல்ல உள்ளான் கோணல்மாணலா எழும்பும், ஒண்ணு எழும்பினா பின்னாடியே இன்னொண்ணு. ரெட்டைக்குழல்காரன் என்ன பண்ணுவான்னா, இடது கை விரல் இடுக்குல ரெண்டு தோட்டாவை முன்கூட்டியே சொருகி வெச்சுக்கிட்டு, அதே கையால துப்பாக்கியையும் தாங்கிக்குவான். சுட்டதும் முறிச்சு, விரல் இடுக்குலேர்ந்து நேரா குழலுக்கு. கைதான் கேரியர். இங்கிலாந்துப் பிரபுக்கள் அதுக்கும் மேல. பின்னாடி ஒரு ஆள், அவன் கையில இன்னொரு துப்பாக்கி ரொப்பித் தயாரா இருக்கும். சுட்டதைப் பின்னாடி நீட்டி, ரொப்பினதை வாங்கிக்குவாங்க. "லோடர்"னே அந்த ஆளுக்குப் பேரு. சம்பளம் கொடுத்து வெச்ச தோட்டா கேரியர்!

1972-ல வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்துச்சு. லைசென்ஸ் வாங்கி வேட்டையாடலாம்னு மிச்சமிருந்ததும் 1991 திருத்தத்தோட முடிஞ்சுது. நல்லதுதான். உள்ளான் இன்னும் மார்கழியில வருது, வயல்ல மேயுது, போகுது. நான் சுடறதெல்லாம் தட்டு.

இப்போ என் கதைக்கு வர்றேன்.

ஆரம்பத்துல பேன்ட் பாக்கெட்டுதான். எல்லாரும் அங்கேர்ந்துதான் ஆரம்பிக்கறோம். பெட்டியைப் பிரிச்சு ரெண்டு பாக்கெட்லயும் கொட்டிக்கிட்டுப் போய் நின்னேன். தோட்டா ஒண்ணுல 24 கிராம் ஈய ரவை. ஒரு ரவுண்டுக்கு ரெண்டு வெடி வீதம் 50 தோட்டா வேணும்னா, ஈயம் மட்டுமே 1,200 கிராம். பேன்ட் என்ன கதி ஆகும்னு நீங்களே யோசிச்சுக்குங்க. ஒரு கை துப்பாக்கியில, இன்னொரு கை பேன்ட்ல.

அப்புறம் தாத்தாவோட பெல்ட். பரண்லேர்ந்து எடுத்தது. தோல், 25 வளையம், வளையத்துக்கு ஒரு தோட்டா. மாட்டிக்கிட்டா ஜம்புலிங்கம் படத்துல வர்ற ஆளு. ஆனா ஒவ்வொரு தோட்டாவையும் கீழேர்ந்து நெம்பி மேலே தள்ளி எடுக்கணும். ஒரு ஓரத்துலேர்ந்து காலியாகும்போது எங்கே மிச்சம் இருக்குன்னு விரல் தடவித் தேடும். கண்ணும் கூடவே போயிடும். இன்னொரு வில்லங்கம், பதனிட்ட தோல்ல பித்தளையை மாசக்கணக்குல சொருகி வெச்சா களிம்பு ஏறும். பச்சைப் பசேல்னு. நம்ம ஐப்பசி மழைக்குத் தோலும் பூத்துடும். களிம்பு ஏறின தோட்டா குழல்ல சிக்கும். தாத்தா வேட்டைக்குப் போற அன்னிக்குத்தான் சொருகுவாராம், வந்ததும் உருவிடுவாராம். அது அவரோட ஒழுக்கம். பெல்ட்டுக்கு அந்த ஒழுக்கம் வேணும்.

வெஸ்ட்டும் போட்டுப் பார்த்தேன், பெரிய பாக்கெட் வெச்ச அந்தக் கையில்லாத மேல்சட்டை. நிறைய பேர் இதுலதான் சுடறாங்க, தோள்ல துப்பாக்கிக் கட்டை நழுவாம இருக்கத் தோல் பட்டையும் இருக்கும். குறை சொல்ல ஒண்ணுமில்லை, சித்திரை மாசத்துல புதுக்கோட்டைச் செம்மண்ல நிக்காத வரைக்கும். இன்னொண்ணு, 25 தோட்டா ஒரு பாக்கெட்ல போட்டா ஒரு தோள் இழுக்கும். துப்பாக்கியைத் தூக்கும்போது சட்டை கூடவே வராது. எனக்கு அது பிடிக்கலை. உங்களுக்குப் பிடிக்கலாம்.

பெல்ட்ல மாட்டற பெட்டித் தாங்கியும் ஒண்ணு உண்டு. தோட்டா அட்டைப் பெட்டியை மூடியைக் கிழிச்சு அப்படியே உள்ளே செருகிக்கலாம். சுத்தமான சாமான், எனக்கு ரொம்ப ஆசை. ஆனா அது அமெரிக்கக்காரன் டிராப்புக்குச் செஞ்சது. அங்கே ஒரு பேர்டுக்கு ஒரே வெடி. 25 பேர்டு, 25 தோட்டா, ஒரு பெட்டி, கணக்கு முடிஞ்சுது. நாம ஆடற ஒலிம்பிக் டிராப்புல ரெண்டு வெடி. நடு ரவுண்டுல பெட்டி காலியாயிடும். நல்லா சுடறவங்களுக்கு ரெண்டாவது வெடி அதிகம் தேவைப்படாது, ஒரு பெட்டியும் சில்லறையும் போதும். எனக்கு அந்த யோகம் இல்லை.

கடைசியா என்ன ஆச்சுன்னா, கடைத்தெருவுல டெய்லர் பாய்கிட்ட போனேன்.

"பாய், ஒரு பை தைக்கணும். இடுப்புல மாட்டற மாதிரி."

"எலெக்ட்ரீசியன் பையா தம்பி?"

"இல்ல பாய், தோட்டா போடறதுக்கு."

ஊசியை நிறுத்திட்டு நிமிர்ந்து பார்த்தார். "லைசென்சு இருக்குல்ல?"

"இருக்கு பாய்."

"அப்ப கான்வாஸ்ல தைப்போம். ரெக்சின் வேர்க்கும்."

எடுத்த உடனே சரியான கேள்வி, சரியான துணி. அப்புறம் ஒரு காலித் தோட்டாவைக் கேட்டு வாங்கி, விரல்ல உருட்டிப் பார்த்தார். "கை உள்ளே போனா வாய் தானா திறந்திருக்கணும், அப்படித்தானே? வாய் ஓரத்துல கம்பி வெச்சுத் தெச்சுடறேன். துவளாது." நான் யோசிக்கவே இல்லாத விஷயம் அது. துவண்ட பையில கை நுழையறதுக்கே பார்வை கீழே போயிடும். பாய் வாழ்க்கையில துப்பாக்கியைத் தொட்டதில்லை, பாக்கெட் தெச்சே அறுபது வயசு ஆச்சு.

பைக்கு நடுவுல ஒரு தடுப்பு. இதுதான் நான் பிடிவாதமா கேட்டது. ஏன்னு சொல்றேன்.

முதல் வெடியிலயே பேர்டு உடைஞ்சுட்டா ரெண்டாவது தோட்டா சுடாமலே குழல்ல இருக்கும். துப்பாக்கியை முறிச்சா சுட்டது எகிறும், சுடாதது சும்மா தலை தூக்கும். ஆக ஒரே நேரத்துல கையில ஒரு காலி ஓடு, ஒரு உயிர்த் தோட்டா. காலியைத் தொட்டியில போடலாம். தொட்டி தள்ளி இருந்தா பைதான். அங்கேதான் ஆபத்து. காலியும் உயிரும் கலந்துட்டா, பேர்டு பறக்கும்போது குதிரையை இழுத்தா "டிக்". அதுக்குத் துப்பாக்கி மேல பழி போட முடியாது, நடுவர் கேட்க மாட்டார், பூஜ்யம்தான்.

தடுப்புக்கு முன்பக்கம் உயிர், பின்பக்கம் காலி. பழகிட்டா விரலே சொல்லும். உயிர்த் தோட்டாவோட ஒரு முனையில உலோக விளிம்பு, ஜில்லுன்னு இருக்கும். மறு முனையில பிளாஸ்டிக்கைப் பூ மாதிரி மடிச்சிருப்பாங்க, அந்த மடிப்பு நெருடும். சுட்டதுக்கு அந்த மடிப்பு விரிஞ்சுடும், வாய்க்குள்ள விரல் நுழையும். விரல் நுழைஞ்சா அது செத்தது, விடு. விளிம்பு மேலே வர்ற மாதிரி ரெண்டை ஒண்ணா எடுக்கப் பழகணும். வீட்டுல டி.வி. பார்த்துக்கிட்டே டம்மியில பண்ணினேன். வீட்டுல என்னை ஒரு மாதிரி பார்த்தாங்க.

இன்னொரு முக்கியமான விஷயம். இதைச் சிரிப்பா எழுத மாட்டேன்.

பழைய வீடுகள்ல 12 போர், 20 போர்னு ரெண்டு குழல் அளவுத் தோட்டாவும் சேர்ந்தே இருந்திருக்கும். ஒரே பெல்ட்ல, ஒரே டப்பாவுல. 20 போர் தோட்டா கொஞ்சம் ஒல்லி. தப்பா 12 போர் குழல்ல விழுந்துட்டா, அது வெளியே வந்துடாது. உள்ளே கொஞ்ச தூரம் வழுக்கிப் போய் குழல் குறுகற இடத்துல சிக்கிக்கும். பின்பக்கம் பார்த்தா அறை காலி. "டிக்"னு சத்தம் வந்துச்சே, தோட்டா போடலை போலிருக்குன்னு நினைச்சு மேல ஒரு 12 போர் தோட்டாவையும் போட்டுச் சுட்டா குழல் வெடிக்கும். முன்கை இருக்கற இடத்துல. இதனாலதான் 20 போர் தோட்டாவை மஞ்சள் நிறத்துல செய்யறாங்க. பைக்குள்ள மஞ்சள் தெரிஞ்சா நிறுத்துங்க, அன்னிக்கு ஆட்டம் முடிஞ்சுதுன்னே வெச்சுக்குங்க. ஒரு பையில ஒரு போர். இரவல் கொடுக்கற பையை வாங்கினா தலைகீழா உதறிப் பார்த்துட்டுத்தான் இடுப்புல மாட்டணும்.

அதே மாதிரி ரேஞ்சுலேர்ந்து வந்ததும் பையைத் திருப்பி உதறிடுங்க. அந்தப் பையில டிபன், சார்ஜர், துண்டுன்னு வேற எதுவும் போடாதீங்க. மூலையில ஒரு தோட்டா பதுங்கி இருக்க, அதே பையோட ஏர்போர்ட்டுக்குப் போய் ஸ்கேனர்ல மாட்டி, ஆயுதச் சட்டத்துல கேஸ் வாங்கினவங்க செய்தி பேப்பர்ல வந்துக்கிட்டேதான் இருக்கு. லைசென்ஸ் வீட்டு பீரோவுல இருக்குன்னு சொன்னா விமானம் நிக்காது.

பாய் பையைப் பார்த்துட்டு ரேஞ்சுல ஒரு பெரியவர் கேட்டார், "இதுவா? இம்போர்ட்டடா?" திருவையாறுன்னு சொன்னேன். நம்பலை.

இவ்வளவு சொல்லிட்டு நம்ம பக்கத்து ஆளைச் சொல்லாம விட்டா தப்பு. பிரித்விராஜ் தொண்டைமான். பழைய புதுக்கோட்டை ராஜ குடும்பம், டிராப்தான் அவர் ஆட்டம். 2023-ல தோஹா உலகக் கோப்பையில தனிநபர் வெண்கலம். அதே வருஷம் ஹாங்சோ ஆசிய விளையாட்டுல கைனன் செனாய், சோராவர் சிங் சந்துவோட சேர்ந்து அணித் தங்கம், மூணு பேரும் சேர்ந்து 375-க்கு 361. 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸ்ல 125-க்கு 118 அடிச்சு 21-வது இடம். யோசிச்சுப் பாருங்க, ரெண்டு நாள்ல ஏழே ஏழு பேர்டு போனதுக்கு 21-வது இடம்! இந்த ஆட்டம் அவ்வளவு கொடுமை. அந்த ஏழுல ஒண்ணையாவது எந்த ஸ்பிரிங் கேரியர் மிச்சம் பிடிச்சுக் கொடுக்கும்?

ரேஞ்சுல நல்லா சுடறவங்களைப் பக்கத்துலேர்ந்து பார்த்தா ஒண்ணு தெரியும். அவங்க ரொப்பறது மெதுவா இருக்கும். தினம் ஒரே மெதுவு. அதே இடத்துல கை போகும், அதே மாதிரி ரெண்டு தோட்டா வரும், மேலே ஒண்ணு கீழே ஒண்ணு விழும், மூடற சத்தம்கூட ஒரே மாதிரி கேட்கும். நம்ம பசங்க என்னடான்னா ஒரு ரவுண்டுல வலது பாக்கெட், அடுத்த ரவுண்டுல இடது, மூணாவது ரவுண்டுல கையில பிடிச்சுக்கிட்டுப் போவாங்க. கேட்டா "பை சரியில்லண்ணே, இம்போர்ட்டட் வாங்கணும்"பாங்க. பைக்கு ஆகற காசுல இன்னும் ரெண்டு பெட்டி தோட்டா வாங்கிச் சுடுங்கடா. இறக்குமதித் தோட்டா விலை உங்களுக்குத் தெரியாததா? புனே கிர்க்கியில செய்யற சக்திமான் பெட்டியை வெச்சே பாதி பழக்கம் ஓட்டற ஊர் இது.

திரீ கன் மாதிரி ஒண்ணு இங்கேயும் ஒரு நாள் வரலாம். திருச்சி படைக்கலத் தொழிற்சாலையில 12 போர் பம்ப் ஆக்‌ஷன் செய்யறாங்க, டியூப்ல ரொப்பற துப்பாக்கிதான் அது. அதை வெச்சுக்கிட்டு ஓடிச் சுடற போட்டி நடந்துச்சுன்னா மாப்ளகிட்டேயே யோசனை கேட்கலாம், அவன் சொன்ன பெல்ட், இடைவெளி, சாய்மானம் எல்லாம் அப்போ உதவும். அது வரைக்கும் நம்ம வீட்டு லைசென்ஸ்ல இருக்கறது பெரும்பாலும் ரெட்டைக்குழல். தேர்தல் வந்தா அதுவும் ஸ்டேஷன்ல.

பை அளவு கேட்டு ஏற்கெனவே சில பேர் எழுதியிருந்தீங்க. எழுதிக்குங்க. தோட்டாப் பெட்டியில 70 மில்லிமீட்டர்னு போட்டிருக்கும், அதை வெச்சு வெட்டாதீங்க. அது மடிப்பு விரிஞ்ச காலி ஓட்டோட நீளம். சுடாத தோட்டா அதை விட ஒரு சென்டிமீட்டருக்கு மேலேயே குட்டை. அதனால ஒரே எண்ணிக்கைக்குக் காலிப் பக்கம்தான் அதிக இடம் கேட்கும், பின்பக்கத்தைக் கொஞ்சம் தாராளமா விடச் சொல்லுங்க. ஆழம் உங்க மணிக்கட்டு வரைக்கும், அதுக்கு மேல வேண்டாம். அடியில கை தேடக் கூடாது. வாய் உங்க கை விரிச்சு நுழையற அகலம், சுத்தி கம்பி. அடியில ரெண்டு கண்ணி வெச்சு ஓட்டை, மண்ணும் மழைத்தண்ணியும் வடியறதுக்கு. பெல்ட் வளையம் ரெண்டு, ஒண்ணு வெச்சா பை சுத்தும். வலது கைக்காரங்களுக்கு வலது இடுப்புல, எலும்புக்குக் கொஞ்சம் முன்னாடி. தடுப்பு மறக்காதீங்க.

பாய்கிட்டயே தைக்கணும்னா இப்போ போகாதீங்க. ரம்ஜான் ஆர்டர் குவிஞ்சு கிடக்கு, பெருநாள் முடியற வரைக்கும் கான்வாஸைத் தொட மாட்டேன்னுட்டார். போறப்ப காலித் தோட்டா ஒண்ணு கையோட கொண்டு போங்க, காலி மட்டும்.